துடைப்பமும் பேரேடும்

தமிழில் ‘கூட்டு’ என்னும் வினைச்சொல் மூன்று வேலைகளைச் செய்கிறது. வீட்டைக் கூட்டுகிறோம், ஆட்களைக் கூட்டுகிறோம், கணக்கைக் கூட்டுகிறோம். ‘பெருக்கு’ என்பதும் இப்படித்தான். வாசலையும் பெருக்கலாம், தொகையையும் பெருக்கலாம். துடைப்பத்துக்கும் பேரேட்டுக்கும் ஒரே வினையை வைத்திருக்கும் மொழி நம்முடையது. ஆனால் அந்த வினைகளைச் செய்பவர்கள் ஒரே ஆட்கள் அல்லர். வீட்டைக் கூட்டுபவள் பெண். கூட்டத்துக்கு ஆள் கூட்டச் சொன்னால் தெருத்தெருவாகப் போய்வருபவளும் பெண். கணக்கைக் கூட்டும் நேரம் வரும்போது மட்டும் வேறொருவர் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்துகொள்கிறார்.

சமூக நோக்கத்தோடு தொழில் நடத்தும் நிறுவனங்கள் பற்றிய பேச்சில் ‘கூட்டுச் செயல்பாடு’ என்ற சொல் இன்று ஒரு மந்திரம்போல் புழங்குகிறது. பெண்கள் கல்லூரியில் தமிழ் கற்பிக்கும் எனக்கு அந்த மந்திரத்தை அடிக்கடி கேட்கும் வாய்ப்பு உண்டு. தொழில்முனைவு பற்றி மாணவியரிடம் பேச வருகிறவர்கள் சற்றேறக்குறைய ஒரே வாக்கியத்தைத்தான் சொல்கிறார்கள்: பெண்கள் இயல்பாகவே சேர்ந்து உழைப்பவர்கள், ஆகவே பெண்களைக் கொண்டு நடத்தும் நிறுவனம் நன்றாக நடக்கும். மாணவியர் கைதட்டுகிறார்கள். புகழ்ச்சி யாருக்குத்தான் பிடிக்காது? ஆனால் அந்த ‘ஆகவே’யை நிறுத்தி வாசிக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது. வாக்கியத்தின் முன்பாதி பெண்ணின் குணத்தைப் பேசுகிறது, பின்பாதி நிறுவனத்தின் ஆதாயத்தை. நடுவில் உள்ள உழைப்பும் அதற்கான கூலியும் அதன்மீதான உரிமையும் அந்த ஒரு சொல்லுக்குள் காணாமல்போகின்றன.

என் வாதம் எளிமையானது. சேர்ந்து உழைப்பது பெண்களின் குணம் அல்ல. அது ஓர் ஏற்பாடு. யார் முடிவெடுப்பது, யார் மறுக்கலாம், யார் கணக்கைப் பார்க்கலாம், யாருடைய நேரம் எண்ணப்படும் என்ற விதிகளால் ஆன ஏற்பாடு. அந்த விதிகள் இருக்கும் இடத்தில் கூட்டுழைப்பு நிறுவனத்தை உண்மையாகவே வலுப்படுத்துகிறது. விதிகள் இல்லாமல் குணத்தை மட்டும் நம்பும் இடத்தில் அதே கூட்டுழைப்பு பெண்களிடமிருந்து மேலும் கொஞ்சம் இலவச வேலையைக் கறந்துகொள்ளும் வழியாகிவிடுகிறது. இரண்டிலும் ஆண்டறிக்கை ஒரேமாதிரி அழகாகத்தான் இருக்கும். அதனால்தான் வாசிப்பு தேவைப்படுகிறது.

1

லிஜ்ஜத் அப்பளத்தின் கதை பலருக்கும் தெரியும். 1959 மார்ச் 15 அன்று பம்பாயின் கிர்காவ் பகுதியில் ஒரு பழைய குடியிருப்பின் மொட்டைமாடியில் ஏழு குஜராத்திப் பெண்கள் அப்பளம் இட்டார்கள். முதல் போட்டது 80 ரூபாய்க் கடன். கொடுத்தவர் சகன்லால் கரம்சி பாரேக் என்ற சமூகப் பணியாளர். அன்று தேறியது நான்கு பாக்கெட். இன்று அந்த அமைப்பில் ஏறத்தாழ 45,000 பெண்கள் இருக்கிறார்கள். தூர்தர்ஷன் காலத்தில் வளர்ந்தவர்களுக்கு அதன் விளம்பரத்தில் வரும் முயல் பொம்மையின் சிரிப்புகூட நினைவிருக்கும்.

இதை வெற்றிக் கதையாகச் சொல்லும்போது ‘ஏழு இல்லத்தரசிகள்’, ‘எண்பது ரூபாய்’, ‘ஒற்றுமை’ என்ற மூன்றோடு முடித்துவிடுகிறார்கள். எனக்கு ஆர்வமூட்டுவது அவர்கள் சொல்லாமல் தாண்டிப்போகும் பகுதி. முதல் ஆண்டு மழைக்காலத்தில் அப்பளம் காயவில்லை, நான்கு மாதம் வேலை நின்றது. அடுத்த ஆண்டு அவர்கள் ஒரு கட்டிலும் ஒரு அடுப்பும் வாங்கினார்கள். அப்பளங்களைக் கட்டில்மேல் பரப்பி, கீழே அடுப்பை வைத்தார்கள். மழையிலும் வேலை நடந்தது. ஈரமும் சூடும் எங்கே எப்படிச் சேரும் என்று நாள்தோறும் கையால் அறிந்தவர்களிடமே முடிவெடுக்கும் உரிமையும் இருந்தது. கூட்டுழைப்பால் ஒரு தொழில் எப்படி மேம்படுகிறது என்று என்னைக் கேட்டால் இந்தக் கட்டிலைத்தான் காட்டுவேன். வேலையை அறிந்தவளும் வேலையைப் பற்றி முடிவு செய்பவளும் ஒருத்தியாக இருந்தால் அறிவு இடையில் சிந்தாமல் போய்ச்சேர்கிறது.

அடுத்தது விதிகள். லிஜ்ஜத்தில் வேலை செய்யும் ஒவ்வொரு பெண்ணும் உரிமையாளர். ‘பென்’, அதாவது சகோதரி, என்பதுதான் அங்கே எல்லோருக்கும் பட்டம். லாபமும் நட்டமும் பொது. முடிவுகள் ஒருமித்த கருத்தால் எடுக்கப்படுகின்றன. ஒரே ஒரு உறுப்பினர் மறுத்தாலும் முடிவைத் தடுக்கலாம். ஆண்கள் கணக்கராகவோ ஓட்டுநராகவோ காவலராகவோ சம்பளத்துக்கு வேலை பார்க்கலாம், உறுப்பினராக முடியாது. 1966-ல் சங்கமாகப் பதிவு செய்யப்பட்டு, கதர் கிராமத் தொழில் ஆணையத்தின் அங்கீகாரத்தையும் பெற்றது. சகோதரி என்ற சொல்லை மட்டும் நம்பி இந்த அமைப்பு நிற்கவில்லை. அந்தச் சொல்லுக்குப் பின்னால் மறுக்கும் உரிமை இருக்கிறது. மறுக்க முடியாத இடத்தில் சகோதரி என்று அழைப்பதும் ‘அம்மா தாயே’ என்று அழைத்து வேலை வாங்குவதும் ஒன்றுதான்.

இதை நம் ஊர்ப் பக்கத்தில் உள்ள ஒன்றோடு வைத்துப் பார்த்தால் வேறுபாடு துலங்கும். திருநெல்வேலி, தென்காசிப் பக்கம் வீட்டில் உட்கார்ந்து பீடி சுற்றும் பெண்களைப் பாருங்கள். இலையும் தூளும் வாங்கிவருகிறார்கள். வீட்டு வேலைகளுக்கு நடுவே, மடியில் முறத்தை வைத்துச் சுற்றிக் கட்டுகிறார்கள். கொண்டுபோய்க் கொடுக்கிறார்கள். அங்கே பீடி சோதிக்கப்பட்டு, சரியில்லை என்று ஒரு பகுதி கழிக்கப்படுகிறது. ஆயிரத்துக்கு இவ்வளவு என்று கூலி. லிஜ்ஜத்திலும் வேலையின் உருவம் அச்சாக இதுதான். விடிகாலையில் கிளைக்குப் போய்ப் பிசைந்த மாவை வாங்குகிறார்கள், வீட்டில் இட்டுக் காயவைக்கிறார்கள், மறுநாள் கொண்டுவந்து கொடுக்கிறார்கள், தரம் சோதிக்கப்படுகிறது, எடைக்கு ஏற்பக் கூலி. இரண்டிலும் பெண்; இரண்டிலும் வீடே தொழிற்கூடம்; இரண்டிலும் துண்டுக்கூலி.

வேறுபாடு சோதிக்கும் மேசையில் இருக்கிறது. பீடியில் மேசைக்கு அந்தப்பக்கம் இருப்பவர் ஒப்பந்தக்காரர். அவர் கழிக்கும் ஒவ்வொரு பீடியும் அவருக்கு லாபம், இவளுக்கு நட்டம். அப்பளத்தில் அந்தப்பக்கம் இருப்பவளும் ஒரு பென்தான். கிளையின் பொறுப்பாளரும் உறுப்பினர்களிடையிலிருந்து வந்தவரே. கழிப்பதால் அவளுக்குத் தனியாக எதுவும் மிஞ்சாது. தரம் குறைந்தால் எல்லோர் வருமானமும் குறையும் என்பதால்தான் கழிக்கிறாள். கண்காணிப்பு என்ற ஒரே செயல், உடைமை மாறியதும் வேறு பொருள் கொள்கிறது. ஆயிரக்கணக்கான வீடுகளில் தனித்தனியாக இடப்படும் அப்பளம் ஒரே தரத்தில் வருவதற்குத் தலைக்கு ஒரு மேற்பார்வையாளர் தேவைப்படாததன் காரணம் இதுதான். பெண்களின் பொறுமை அல்ல.

அதற்காக லிஜ்ஜத்தை நான் கோயிலாக்க மாட்டேன். அப்பளம் காய வீட்டில் சுத்தமான, போதிய இடம் வேண்டும். அப்படி இடமில்லாதவர்கள் மாவு பிசையவோ பாக்கெட் போடவோ போகலாம் என்று அமைப்பு வழிவைத்திருக்கிறது, நல்ல ஏற்பாடுதான். ஆனால் வீடே தொழிற்கூடமாகும்போது அந்தத் தரை, தண்ணீர், மாமியாரின் உதவி, பள்ளிவிட்டு வந்த மகளின் கை ஆகியவை எந்தக் கணக்கில் ஏறுகின்றன? எடைக்கல்லில் அப்பளம்தான் ஏறும். உலகம் முழுவதும் வீட்டிலிருந்து உழைப்பவர்களின் பிரச்சினை இது. 1996-ல் பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு வீட்டுவேலை உற்பத்தியாளர்களுக்காக 177-வது உடன்படிக்கையை நிறைவேற்றியது. இந்தியா அதை இன்னும் ஏற்று உறுதிசெய்யவில்லை.

இன்னொன்றும் உண்டு. 2021-ல் அந்த ஏழு பேரில் ஒருவரான ஜஸ்வந்திபென் ஜம்னாதாஸ் போபட்டுக்குப் பத்மஸ்ரீ அறிவிக்கப்பட்டது. மகிழ்ச்சியே. ஆனால் விருதுப் படிவத்துக்கு ஒரு பெயர்தான் தேவைப்படுகிறது. கூடிச் செய்த வேலையைப் பதிவுசெய்ய நம் பொதுவாழ்வில் ஒரு வடிவம்கூட இல்லை. எழுவராகத் தொடங்கியதை ஒருவராகச் சுருக்கித்தான் வரலாற்றுக்குள் விட முடிகிறது. இலக்கிய வரலாறு படித்தவளுக்கு இது புதிதல்ல. நாற்றுநடும்போது கூடிப் பாடிய பெண்களின் பாட்டைத் தொகுத்தவரின் பெயரால்தானே நாம் படிக்கிறோம்.

2

அகமதாபாத்தின் சேவா அமைப்பின் வரலாற்றில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி அதன் இரண்டு பதிவுச் சிக்கல்கள். முதலாவது 1972-ல். தலைச்சுமைக்காரிகள், காய்கறி விற்பவர்கள், துணி தைப்பவர்கள் சேர்ந்து தொழிற்சங்கம் தொடங்க விண்ணப்பித்தபோது அரசுத் தரப்பு மறுத்தது. உங்களுக்கு முதலாளியே இல்லையே, யாரை எதிர்த்துச் சங்கம் என்பது கேள்வி. சங்கம் என்பது முதலாளியை எதிர்ப்பதற்காக மட்டும் அல்ல, தொழிலாளர்கள் தங்களுக்குள் ஒன்றுசேர்வதற்காகவும்தான் என்று இலா பட்டும் தோழியரும் வாதிட்டார்கள். பதிவு கிடைத்தது. ‘கூட்டு’ என்ற சொல்லுக்குச் சட்டத்தின் அகராதியில் இவர்கள் ஒரு புதிய பொருளைச் சேர்த்தார்கள் என்பேன்.

இரண்டாவது 1974-ல். சுமார் 4,000 பெண்கள் ஆளுக்குப் பத்து ரூபாய் பங்கு போட்டு வங்கி தொடங்க வந்தார்கள். கூட்டுறவுப் பதிவாளர் தரப்பிலிருந்து தடை: கையெழுத்துப் போடத் தெரியாதவர்களை வைத்து எப்படி வங்கி நடத்துவது? முன்னின்ற பெண்கள் இரவெல்லாம் உட்கார்ந்து கையெழுத்துப் போடக் கற்றுக்கொண்டார்கள் என்று இலா பட் பதிவுசெய்திருக்கிறார். எழுத்தறியாத உறுப்பினர்களுக்காக வங்கிப் புத்தகத்தில் படம் ஒட்டப்பட்டது. கடைக்கும் வீட்டுக்கும் போய்ச் சேமிப்பை வாங்கிவரும் முறை வந்தது. வங்கியின் நிர்வாகக் குழுவில் பல தொழில்களைச் சேர்ந்த உழைக்கும் பெண்களின் பிரதிநிதிகள் உட்கார்ந்தார்கள்.

இந்த இரவைப் பெண்களின் விடாமுயற்சிக்குச் சான்றாகச் சொல்வது வழக்கம். நான் அதை வேறு விதமாக வாசிக்கிறேன். அவர்கள் கற்றது எழுத்து அல்ல, பேரேட்டுக்குள் நுழையும் வழி. கணக்கைக் கூட்டும் நாற்காலி தங்களுக்கு மறுக்கப்படுவது ஒரு எழுத்து வடிவத்தின் பெயரால் என்று தெரிந்ததும் அந்த வடிவத்தைக் கைப்பற்றினார்கள். அதற்குப் பிறகு ஏற்பட்டவை எல்லாம் வங்கி உறுப்பினரின் அன்றாடத்துக்கு ஏற்ப வளைந்தவை. வங்கி நேரத்துக்கு ஏற்பக் காய்கறிக்காரி தன் கடையை மூடவில்லை. அவள் கடை நேரத்துக்கு ஏற்ப வங்கி நடந்துவந்தது. முதலீடு மிகச் சிறியதாக இருந்தும் ஐம்பது ஆண்டுகளாக நிலைத்திருப்பதற்கு இந்த வளைவுதான் அடிப்படை என்று நினைக்கிறேன்.

சென்னையிலும் இதற்கு ஒத்த முயற்சி நடந்திருக்கிறது. 1978-ல் ஜெயா அருணாசலம் தொடங்கிய உழைக்கும் பெண்கள் அமைப்பு, சென்னைக் குடிசைப் பகுதிகளின் சிறுவியாபாரப் பெண்களை அக்கம்பக்கக் குழுக்களாகச் சேர்த்தது. அந்தப் பெண்களிலிருந்தே அமைப்பாளர்களை வளர்த்தது. மீன்கூடை தூக்கும் பெண்ணுக்குக் காலையில் எத்தனை மணிக்கு எவ்வளவு பணம் தேவை என்று மீன்கூடை தூக்கியவளுக்குத் தெரிவதுபோல் யாருக்குத் தெரியும்?

3

இனி, இதே கூட்டுழைப்பு தலைகீழாகத் திரும்பும் இடத்துக்கு வருவோம். குழுக்கடன்.

தமிழ்நாட்டில் மகளிர் சுயஉதவிக் குழுக்களின் வரலாறு 1989-ல் தருமபுரியில் தொடங்கி, 1997-ல் மகளிர் திட்டமாக மாநிலம் முழுவதும் விரிந்தது. தீர்மான நோட்டு, சேமிப்பு, உள்கடன், ஊக்குநர் என்று ஒரு புதிய சொற்களஞ்சியமே அதன் வழியாக நம் தெருக்களுக்கு வந்தது. வங்கிப் படியேறாத பெண்கள் ஏறினார்கள், மேடையில் பேசினார்கள், உள்ளாட்சித் தேர்தலில் நின்றார்கள். அதைக் குறைத்துப் பேச எனக்கு மனமில்லை.

ஆனால் அதே குழு வடிவத்தை லாபநோக்குள்ள நுண்கடன் நிறுவனங்கள் எடுத்துக்கொண்டபோது ஒன்று மாறியது. ஏழைப் பெண்ணிடம் அடகு வைக்க நகையில்லை, நிலமில்லை. அவளிடம் இருப்பது பக்கத்து வீட்டுக்காரியின் முகம். அந்த முகத்தை அடகாக எடுத்துக்கொண்டார்கள். ஒருத்தி தவணை கட்டாவிட்டால் மற்றவர்கள் கட்ட வேண்டும். கட்டும்வரை யாரும் எழுந்து போகக்கூடாது. வசூல் செய்ய ஆள் வைக்கத் தேவையில்லை. கூடியிருக்கும் பெண்களே ஒருத்தியைப் பார்க்கும் பார்வை வசூல் செய்துவிடும். வங்கதேசத்தில் கள ஆய்வு செய்த மானுடவியலாளர் லாமியா கரீம் 2011-ல் வெளியான தன் நூலில் இதை வெட்கத்தின் பொருளாதாரம் என்று அடையாளப்படுத்தினார். கடன் கட்டாதவளின் பாத்திரங்களையும் வீட்டுக் கூரையையும் சக குழுப் பெண்களே பிரித்தெடுத்துச் செல்ல நேர்ந்ததை அவர் எழுதியிருக்கிறார். நுண்கடன் உலகம் பெருமையோடு சொல்லும் தொண்ணூறு விழுக்காட்டுக்கு மேற்பட்ட வசூலுக்குப் பின்னால் இருப்பது இதுவும்தான்.

இங்கே ‘நிறுவனத்தின் செயல்திறன்’ என்ற சொல்லை நாம் பிடித்து நிறுத்த வேண்டும். வசூல் விகிதம் என்ற அளவுகோலில் பார்த்தால் அந்த நிறுவனங்கள் மிகத் திறமையானவை. கூட்டுச் செயல்பாடு செயல்திறனை உயர்த்துகிறது என்ற கூற்றும் பொய்யாகாது. ஆனால் உயர்ந்தது யாருடைய திறன், குறைந்தது யாருடைய தூக்கம்? ஆந்திரத்தில் தற்கொலைச் செய்திகள் பெருகி, 2010 அக்டோபரில் மாநில அரசு அவசரச் சட்டம் கொண்டுவந்த பிறகுதான் அந்தக் கேள்வி பொதுவெளிக்கு வந்தது. 2025-ல் தமிழ்நாடும் கட்டாயக் கடன் வசூலுக்கு எதிராகச் சட்டம் இயற்ற வேண்டிவந்தது.

லிஜ்ஜத்தையும் இதையும் அருகருகே வையுங்கள். இரண்டிலும் பெண்கள் ஒருவரையொருவர் கண்காணிக்கிறார்கள். இரண்டிலும் ஒருத்தியின் தவறு எல்லோரையும் பாதிக்கிறது. ஒன்றில் அந்தக் கண்காணிப்பின் பயன் கூடியிருப்பவர்களுக்கே திரும்பி வருகிறது. மற்றதில் எங்கோ இருக்கும் பங்குதாரருக்குப் போகிறது. ஒன்றில் மறுக்கலாம். மற்றதில் எழுந்து போகக்கூட முடியாது. குணம் ஒன்றே, ஏற்பாடு வேறு.

4

‘ஊர் கூடித் தேர் இழுப்பது’ என்று கூட்டுழைப்பைப் பாராட்ட நம்மிடம் ஒரு சொலவடை உண்டு. பாடம் நடத்தும்போது நானும் இதைப் பயன்படுத்தியதுண்டு. ஆனால் சிவகங்கை மாவட்டம் கண்டதேவியில் தேர் வடத்தைத் தொட்டு இழுக்கும் உரிமைக்காகத் தலித் மக்கள் ஆண்டுக்கணக்கில் போராடவும் நீதிமன்றம் போகவும் வேண்டியிருந்தது. ‘ஊர்’ என்ற சொல்லுக்குள் சேரி இல்லை என்பது சொலவடைக்கே தெரிந்திருக்கிறது. ‘கூடி’ என்னும்போது யார் கூட, யாரை விட்டு என்று கேட்காத கூட்டுழைப்புப் பேச்சு இந்த நாட்டில் பொருளற்றது.

நம் குடியிருப்புகள் சாதியால் பிரிந்துகிடப்பதால், பக்கத்து வீடுகளைச் சேர்த்து அமைக்கும் குழு பல இடங்களில் தானாகவே ஒரே சாதிக் குழுவாகிவிடுகிறது. தொழில் உணவு சார்ந்ததாக இருந்தால் இது இன்னும் கூர்மையாகும். முறுக்கு, ஊறுகாய், மசாலாப்பொடி என்று பெண்கள் குழுக்களுக்கு நாம் எளிதாகக் கைகாட்டும் தொழில்கள் எல்லாமே சமையல். யார் கைச்சோற்றை யார் உண்பது என்பதில்தானே சாதி குடியிருக்கிறது? 2022-ல் தொடங்கிய பள்ளிக் காலை உணவுத் திட்டத்தில் சமைப்பவர்கள் சுயஉதவிக் குழுப் பெண்கள். 2023-ல் கரூர் மாவட்டத்தில் ஓர் ஊரில், சமைப்பவர் தலித் பெண் என்பதற்காகச் சில பெற்றோர் தங்கள் பிள்ளைகளைச் சாப்பிட விடவில்லை. மாவட்ட நிர்வாகம் தலையிட வேண்டியிருந்தது. அந்தக் காலையில் அவருடைய குழுவின் மற்ற உறுப்பினர்கள் எங்கே நின்றார்கள் என்பதுதான் ஒரு குழுவின் செயல்திறனை அளக்கும் கேள்வியாக எனக்குப் படுகிறது. எத்தனை தட்டு பரிமாறப்பட்டது என்பது அதற்குப் பிறகுதான்.

சாதியைப் பேசினால் ஒற்றுமை குலையும் என்பார்கள். பேசாததால் நிலைக்கும் ஒற்றுமை யாருடைய மௌனத்தின்மேல் நிற்கிறது என்பதையும் அவர்களே சொல்ல வேண்டும்.

5

படித்த பெண்களாகிய நாம் சேர்ந்து நடத்தும் சிறு அமைப்புகளுக்கும் இது பொருந்தும். பதிப்பகம், புத்தகக்கடை, கைத்தறி விற்பனை, மாற்றுப் பள்ளி என்று நம் தோழியர் பலர் ஏதோ ஒன்றில் இருக்கிறார்கள். இங்கே தலைமை கிடையாது, எல்லோரும் சமம், நாம் ஒரு குடும்பம் என்று தொடங்குவோம். அமெரிக்கப் பெண்ணியர் ஜோ ஃப்ரீமன் 1970-களின் தொடக்கத்தில் எழுதிய ஒரு கட்டுரை இந்த இடத்தைச் சரியாகத் தொட்டது. அமைப்பே இல்லாத குழு என்று ஒன்று இல்லை. எழுதப்பட்ட விதிகள் இல்லாவிட்டால் எழுதப்படாத விதிகள் ஆளும். அவற்றை அறிந்தவர்கள் ஆளுவார்கள் என்பது அதன் சாரம். யாருக்கு நேரம் அதிகமோ, யாருக்கு ஆங்கிலம் வருமோ, யார் வீட்டில் சமையலுக்கு ஆள் உண்டோ அவருடைய கருத்தே ‘ஒருமித்த கருத்து’ ஆகும்.

குடும்பம் என்ற உவமையை நான் சந்தேகிப்பது இதனால்தான். பெண்ணுக்குக் கூலியில்லாத வேலையை முதலில் கற்றுக்கொடுத்த நிறுவனம் குடும்பம். ஒரு பணியிடம் தன்னைக் குடும்பம் என்று அழைத்துக்கொண்டால் ஏழு மணிக்கு மேல் இருக்கச் சொல்லப்போகிறது என்று பொருள். கல்லூரிக் குழுக்களில் இருபது ஆண்டுகளாக உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். கூட்டக் குறிப்பு எழுதுவது, பூங்கொத்து வாங்குவது, அழுதுகொண்டிருக்கும் மாணவியைச் சமாதானப்படுத்துவது எல்லாம் ‘மேடம், நீங்க பண்ணா நல்லாருக்கும்’ என்ற ஒரு வாக்கியத்தால் பெண்களிடம் வந்துசேரும். நிதி ஒதுக்கீடு பற்றிய கூட்டம் பெரும்பாலும் வேறு அறையில் நடந்து முடிந்திருக்கும். ஒத்துழைப்பு என்ற தலைப்பில் எங்களுக்குப் பாராட்டுச் சான்றிதழும் கிடைக்கும்.

ஆனால் விதிகளும் ஒரு செலவுதான் என்பதை மறைக்கக் கூடாது. ஒருத்தி மறுத்தாலும் முடிவு நிற்கும் என்றால் கூட்டம் நீளும். கணக்கை எல்லோருக்கும் விளக்க வேண்டும் என்றால் ஒரு மாலை போய்விடும். கூட்டம் நீளும்போது முதலில் எழுந்து போக நேர்பவள் வீட்டில் பால்குடிக் குழந்தை உள்ளவள். ஆக, ஜனநாயகமான கூட்டமே அவளை வெளியேற்றும். சேவா குழந்தைக் காப்பகங்களைக்கூடக் கூட்டுறவாக அமைத்ததன் பொருள் இங்கேதான் விளங்குகிறது. குழந்தையை யார் பார்த்துக்கொள்வது என்று தீர்க்காமல் யார் முடிவெடுப்பது என்பதைத் தீர்க்க முடியாது. காப்பகத்துக்கு ஆகும் பணம் நலத்திட்டச் செலவு அல்ல, உற்பத்திச் செலவு. பேரேட்டில் அது எந்தப் பக்கத்தில் எழுதப்படுகிறது என்பது அரசியல்.

6

என் மாணவியர் சிலர் பட்டம் முடித்ததும் தொண்டு நிறுவனங்களுக்கும் சமூகத் தொழில் நிறுவனங்களுக்கும் வேலைக்குப் போகிறார்கள். ‘நல்ல காரியம்’ என்ற சொல்லின் நிழலில் குறைந்த சம்பளத்துக்கு நீண்ட நேரம் உழைக்கிறார்கள். குழுப் பெண்களுக்கும் நிறுவனத்துக்கும் நடுவே நிற்பவர்கள் இவர்கள்தான். தீர்மான நோட்டை எழுதிக்கொடுப்பதும் வெற்றிக் கதையைத் தொகுப்பதும் இவர்கள்தான். அதனால் இந்த வாசிப்பு அவர்களுக்குத்தான் முதலில் தேவை. போகும் இடத்தில் கேட்கச் சில கேள்விகளை நான் சொல்லி அனுப்புவதுண்டு.

கணக்கு நோட்டு யார் வீட்டில் இருக்கிறது? மற்றவர்கள் கேட்டால் அன்றே பார்க்க முடியுமா? ஊக்குநரோ தலைவியோ கடைசியாக மாறியது எப்போது? ஒருத்தி வேண்டாம் என்று சொல்லி ஒரு முடிவு நின்றுபோனது உண்டா? கூட்டத்தில் செலவாகும் நேரத்துக்குக் கூலி உண்டா? கூட்டத்தின்போது குழந்தைகள் எங்கே இருக்கிறார்கள்? குழுவில் எத்தனை சாதிப் பெண்கள், யார் கையால் தேநீர், எல்லோரும் குடிக்கிறார்களா? ஒருத்தி விலக விரும்பினால் அவள் போட்ட பணம் திரும்பி வருமா? புகைப்படத்தில் நடுவில் நிற்பது யார்?

இவற்றுக்கு வரும் பதில்கள் நல்லபடியாக இருக்கும் இடத்தில் தொழிலும் நன்றாக நடப்பதைப் பெரும்பாலும் பார்க்கலாம். கட்டிலுக்கு அடியில் அடுப்பை வைக்கும் யோசனை அங்கேதான் வாய்திறந்து சொல்லப்படும். பயமுள்ள இடத்தில் மாவு புளித்துப்போனாலும் ஒருத்தியும் சொல்ல மாட்டாள். சொன்னவள்மேல் பழி விழும் என்று அவளுக்குத் தெரியும். பதில்கள் மோசமாக இருந்தும் ஆண்டறிக்கை பளபளப்பாக இருந்தால் அந்தப் பளபளப்புக்கான எண்ணெய் எங்கிருந்து வந்தது என்று தேட வேண்டியிருக்கும். பெரும்பாலும் அது யாரோ ஒருத்தியின் உடம்பிலிருந்து வந்திருக்கும்.

பெண்கள் சேர்ந்து உழைக்க மாட்டார்கள், அவர்களுக்குள் சண்டைதான் வரும் என்ற பழைய ஏச்சும், பெண்கள் இயல்பாகவே ஒற்றுமையானவர்கள் என்ற புதிய புகழ்ச்சியும் ஒரே வேலையைத்தான் செய்கின்றன. இரண்டும் நம் குணத்தைப் பேசி நம் உரிமையைப் பேசாமல் விடுகின்றன. சண்டை வரட்டும். சண்டைபோட ஒரு கூட்டமும், அதைத் தீர்க்க ஒரு விதியும், தீர்ந்ததை எழுத ஒரு நோட்டும் இருந்தால் போதும். ஏழு பெண்களுக்கு அன்று கிடைத்தது 80 ரூபாய். அதை நோட்டில் எழுதி, தங்கள் கையாலேயே கூட்டிப் பார்க்கவும் முடிந்ததால்தான் அது பெருகியது.